எர்த்தை நம்பாத கருவி

மருத்துவ மின்கருவிகளுக்கான உலகத் தரநிலைக்கு ஐஇசி 60601 என்று பெயர். அதன் கிளை ஆவணங்களில் ஒன்றான 60601-1-11, வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிகளுக்காக 2010இல் வெளிவந்தது. பக்கம் பக்கமாக நீளும் அந்த ஆவணத்தின் உயிர்நாடி ஒரே விதிதான். சுவரோடு நிரந்தரமாகப் பொருத்தப்படாத எந்த வீட்டு மருத்துவக் கருவியும் தன் பாதுகாப்புக்கு எர்த் கம்பியை நம்பியிருக்கக் கூடாது. இரட்டைக் காப்புடன் இருக்க வேண்டும், அல்லது தன் பேட்டரியிலேயே ஓட வேண்டும்.

விதி ஜெனீவாவில் எழுதப்பட்டதுதான். ஆனால் நம் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டு எழுதியது போலவே இருக்கிறது. மூன்று துளை சாக்கெட் இல்லாத வீடு இன்று அநேகமாக இல்லை. மேலேயுள்ள பெரிய துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி வருகிறதா, வந்தாலும் அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. வீடு கட்டும்போது உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்கு அதன் பிறகு யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக அந்தத் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறப்பவர்களுக்கு, எர்த்தின் பயன் அதோடு முடிந்தது. இதை நமக்கே உரிய குறையாக நினைத்துக் கூச்சப்படவும் தேவையில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகளில் எர்த் இல்லாத சாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் விதி எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது.

இந்த விதி இப்போது நமக்கு அதிகமாகவே தேவைப்படுகிறது. ரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், நெபுலைசர், பல்ஸ் ஆக்சிமீட்டர் என்று அலமாரியில் நான்கு கருவிகளாவது இல்லாத நடுத்தர வர்க்க வீடு குறைந்துவருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கருவிகளே வீடு தேடிப் போகின்றன. கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டியைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்த குடும்பங்கள் பல.

இந்தக் கருவிகளிடம் நாம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். உடலுக்குள் வரக் கூடாத மின்சாரம் வரக் கூடாது. கருவிக்குள் நிற்கக் கூடாத மின்சாரம் நிற்கக் கூடாது. முதலாவதைப் பொறியாளர்கள் அநேகமாகத் தீர்த்துவிட்டார்கள். நாம்தான் சார்ஜரை மாற்றி அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது இன்னும் தீராத சிக்கல். மின்பாதுகாப்பு என்றதும் ஷாக் மட்டுமே நினைவுக்கு வருவதால் அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதும் இல்லை.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்த மனிதர்களின் கையில் மின்சாரம் பாய்ச்சி அளந்தவர். மின்கம்பியைப் பிடித்த கை, விட நினைத்தாலும் விட முடியாமல் இறுகிப்போகும் அளவு எது என்பது அவருடைய கேள்வி. ஆண்களில் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களில் 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் மின்சாரம் பாய்வதே நமக்குத் தெரிகிறது. தோல் வழியாகப் பாய்ந்து இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு ஏறக்குறைய நூறு மில்லி ஆம்பியர் வேண்டியிருக்கும். வீடுகளில் மெயின் போர்டில் பொருத்தும் ஆர்சிசிபி, மின்சாரம் வழிதவறி 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் இணைப்பைத் துண்டிப்பது இந்தக் கணக்குகளை ஒட்டித்தான்.

நோயாளியின் உடலுக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. உலர்ந்த தோல் ஒரு நல்ல காப்புச் சுவர். இசிஜி எடுக்கும்போது அந்தச் சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி, வேண்டுமென்றே மெலிதாக்குகிறோம். நரம்பில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றும்போது அந்தச் சுவரில் ஓட்டையே போட்டுவிடுகிறோம். மயக்கத்தில் இருப்பவர் 'சுருக்'கென்று பட்டதும் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, இதயத் தசைக்கே நேராக ஒரு கம்பி போய்ச் சேர்ந்திருந்தால், மில்லி ஆம்பியர் என்ற அலகே பெரியதாகிவிடுகிறது. நாய்களின் இதயத்தில் 20 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தபோதே துடிப்பு குலைந்ததை 1960களின் சோதனைகள் காட்டின. மனித இதயத்தில் பிற்பாடு அளந்த எண்கள் இதைவிட அதிகம்தான். 80 மைக்ரோ ஆம்பியரில் தொடங்கிச் சில நூறு வரை போகின்றன. எனினும் உலகம் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு எல்லை 10 மைக்ரோ ஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி விழித்துக்கொள்ளும் அளவில் மூவாயிரத்தில் ஒரு பங்கு இது. தோலைத் தாண்டி உள்ளே போகும் இந்த நுண் அதிர்ச்சியைத் தொட்ட விரலும் உணராது, ஃபியூஸும் அறியாது.

மினியாபொலிஸில் கரண்ட் போன நாள்

1950களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லெஹெய் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து, கீழறைகளுக்கிடையிலான ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அறுவை வெற்றியானாலும், தையல் போடும் இடத்தில் இதயத்தின் மின்பாதை சேதமடைந்து சில குழந்தைகளுக்குத் துடிப்பு தடைபட்டது. பாஸ்டனில் பால் சோல் 1952இல் மார்பின் மேல் மின்முனைகளை வைத்து இதயத்தைத் துடிக்கவைத்துக் காட்டியிருந்தார். அது வலி மிகுந்த முறை, குழந்தைகள் தாங்க மாட்டார்கள். லில்லெஹெய் 1957இல் வேறு வழி கண்டார். மெல்லிய கம்பியை இதயத் தசையிலேயே பொருத்தி மறுமுனையை மார்புக்கு வெளியே எடுத்தார். மிகக் குறைந்த மின்துடிப்பே போதுமானதாயிற்று. சில நாட்களில் இதயம் தேறியதும் கம்பியை உருவிவிடலாம்.

அந்தக் கம்பி போய்ச் சேர்ந்த இடம்தான் சிக்கல். சுவர் சாக்கெட்டில் செருகிய, பேஸ்மேக்கர் என்ற ஒரு பெரிய வால்வு எந்திரம், நோயாளியின் படுக்கையோடு சேர்த்துத் தள்ளுவண்டியில் வைக்கப்பட்டிருந்தது. குழந்தையை நடக்கவைக்க வேண்டுமென்றாலும், வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். வயர் முடியும் இடத்தில் பயணமும் முடிந்தது. அதைவிட மோசமானது, குழந்தையின் இதயத்துக்கும் நகரத்தின் மின்வாரியத்துக்கும் நடுவே ஒரு மின்மாற்றியின் காப்புத் தாளைத் தவிர வேறெதுவும் இல்லை. எர்த் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லாம் நடந்தன.

1957 அக்டோபர் 31 அன்று அந்த நகரத்தில் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றது. அறுவை அரங்குகளுக்கு மாற்று ஏற்பாடு இருந்தது, வார்டுகளுக்கு இல்லை. பேஸ்மேக்கர்கள் நின்றன. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த ஏர்ல் பேக்கன் என்ற இளைஞரிடம் லில்லெஹெய் கேட்டார்: இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? பேக்கன் தன் மைத்துனருடன் ஒரு கராஜில் 1949இல் தொடங்கியிருந்த சிறு நிறுவனத்தின் பெயர் மெட்ரானிக்.

பேக்கனுக்கு முதலில் தோன்றியது, கார் பேட்டரியிலிருந்து 115 வோல்ட் ஏசி மின்சாரம் உண்டாக்கி அதே பழைய எந்திரத்தை ஓட்டலாம் என்பதுதான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. இதயத்தில் நேராகப் பொருத்திய கம்பிக்குப் பத்து வோல்ட் துடிப்பே தாராளம். பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழில் 1956இல் வந்திருந்த டிரான்சிஸ்டர் மெட்ரோனோம், அதாவது இசை பயில்வோருக்குத் தாளம் தட்டும் கருவியின் சுற்று, அவர் நினைவுக்கு வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒரு பாதரச பேட்டரி, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. நான்கே வாரங்களில் செய்து முடித்தார். நாயின் மீது சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், கருவி ஒரு குழந்தையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் காக்கும் கருவி கைவசம் இருக்கும்போது பயன்படுத்தாமல் இருப்பது சரியல்ல என்றாராம் லில்லெஹெய். இன்றைய ஒழுங்குமுறை விதிகளின்படி அவர் செய்தது கற்பனைகூடச் செய்ய முடியாத காரியம்.

வரலாற்று நூல்கள் இதைக் கரண்ட் போன கதையாகவே சொல்கின்றன. என் பார்வையில் அது பாதிக் கதை. பேட்டரியில் ஓடிய அந்தச் சின்னப் பெட்டி மின்தடையிலிருந்து குழந்தையைக் காத்தது. அதே வீச்சில் மெயின் மின்சாரத்திலிருந்தும் காத்தது. ஒன்பது சொச்சம் வோல்ட் பேட்டரிக்கும் தரைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. குழந்தை இரும்புக் கட்டிலைத் தொட்டாலும், செவிலியர் ஒரு கையில் விளக்கையும் மறு கையில் குழந்தையையும் பிடித்தாலும், சுற்று முழுமையாக வழியில்லை. வரக் கூடாததும் நிற்கக் கூடாததும் ஒரே பெட்டியில் தீர்ந்தன. அடுத்து விற்பனைக்கு வந்த மாதிரியில் குமிழ்களைப் பெட்டியின் உள்ளடங்கிய பகுதிக்குத் தள்ளினார்கள். குழந்தைகள் விளையாட்டாகத் திருப்பிவிடலாம் அல்லவா?

மெயின் மின்சாரத்தை நம்பிய கருவிகள் அடுத்த பத்தாண்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குவிந்தன. ஒரு படுக்கையைச் சுற்றிப் பத்து எந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கசிவு. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் 1971 மார்ச்சில் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற பெண்கள் இதழில் எழுதிய கட்டுரை அமெரிக்காவைக் கலங்கடித்தது. மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 1,200 பேர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள், அவை மாரடைப்புச் சாவுகளாகப் பதிவாகின்றன என்றார் அவர். அந்த எண்ணுக்குச் சான்று எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தால் மருத்துவமனைகள் தங்களுக்கென்று பொறியாளர்களை வேலைக்கு எடுத்தன. கருவிகளின் கசிவை அளந்து பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. ஆதாரமில்லாத ஒரு எண்ணால் நல்ல துறை ஒன்று வளர்ந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐஇசி 60601 தரநிலையின் முதல் பதிப்பு 1977இல் வெளியாயிற்று.

சார்ஜர் என்ற பின்வாசல்

அந்தத் தரநிலை நோயாளியின் உடலைத் தொடும் பகுதிகளை மூன்றாக வகுக்கிறது. கருவியில் வயர் செருகும் இடத்தின் அருகே பார்த்தால் சிறிய படம் ஒன்று இருக்கும். வெறும் மனித உருவம் இருந்தால் பி வகை. சதுரத்துக்குள் மனிதன் இருந்தால் பிஎஃப். சதுரத்துக்குள் இதயம் இருந்தால் சிஎஃப். முதல் இரண்டிலும் நோயாளியின் உடல் வழியே கசியும் மின்சாரம் 100 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள சிஎஃப் வகையில் 10 மைக்ரோ ஆம்பியர். கருவியில் ஏதோ ஒன்று பழுதான நிலையிலும் முறையே 500, 50 மைக்ரோ ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். பழுதே இல்லாத கருவியை அல்ல, பழுதானாலும் ஆளைக் கொல்லாத கருவியைக் கேட்பது இந்தத் தரநிலையின் சிறப்பு. ஒரு காப்பு உடைந்தால் இன்னொன்று நிற்க வேண்டும். அது எவ்வளவு கடினமான கோரிக்கை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மைக்ரோ ஆம்பியருக்குள் நிற்க, மெயின் பக்கத்துக்கும் நோயாளிப் பக்கத்துக்கும் இடையே எல்லாம் சேர்த்து 138 பிக்கோ ஃபாரட்டுக்கு மேல் மின்தேக்கம் இருக்கக் கூடாது. மின்மாற்றியின் இரண்டு சுருள்கள் அருகருகே இருப்பதாலேயே உண்டாகும் மின்தேக்கம் அந்த அளவை எட்டிவிடலாம்.

பேட்டரிக் கருவிக்கு இந்தத் தலைவலி இல்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்குள் இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி, மூன்று வோல்ட். மெயின் மின்சாரத்தோடு அதற்கு ஜன்மத்துக்கும் உறவில்லை. ஆனால் பேட்டரியை மாற்றும் செலவு மிச்சம் என்று யூஎஸ்பி துளை வைத்த கருவிகள் வந்ததும் நிலைமை மாறுகிறது. சார்ஜரைச் செருகிய கணத்தில் அது பேட்டரிக் கருவி அல்ல, மெயின் கருவி. பேக்கன் அடைத்த வாசல் பின்புறமாகத் திறந்துகொள்கிறது.

உலோக உடல் கொண்ட லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு அதன் மேல் விரலை மெல்லத் தடவினால் கூசுவது போல ஓர் உணர்வு வரும். ஷாக் அடிக்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், அது அப்படித்தான் சார் என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஸ்விட்சிங் சார்ஜர்கள் ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காக மெயின் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கியை வைக்கின்றன. அது 2.2 நானோ ஃபாரட் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியே 159 மைக்ரோ ஆம்பியர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அலுவலகக் கருவிகளுக்கான பழைய தரநிலையான ஐஇசி 60950-1, இரட்டைக் காப்புள்ள கருவிகளில் 250 மைக்ரோ ஆம்பியர் வரை அனுமதித்தது. லேப்டாப்புக்கு அதனால் கேடில்லை. நோயாளிக்கு 100தான் எல்லை என்பதை நினைவில் வைத்தால், போலி அல்லாத, முத்திரை பெற்ற, நல்ல நிறுவனத்தின் போன் சார்ஜரே மருத்துவக் கருவியின் தேர்வில் தோற்றுவிடக்கூடும் என்பது விளங்கும். காப்பிலும் வேறுபாடு உண்டு. அலுவலகக் கருவியின் காப்பு 3,000 வோல்ட் தாங்கினால் போதும். மருத்துவக் காப்பு 4,000 வோல்ட் தாங்க வேண்டும். மின்பலகையின் பரப்பின் வழியே இரு பக்கங்களுக்கும் இடையே அங்கே 5 மில்லி மீட்டர் தூரம், இங்கே 8 மில்லி மீட்டர். நூறு ரூபாய் சார்ஜரைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் தூரம் நகத்தின் விளிம்பளவுகூட இருக்காது.

எல்லாக் கருவிக்கும் ஒரே அளவு ஆபத்து என்று பயமுறுத்துவதும் நியாயமில்லை. நெபுலைசருக்கும் நோயாளிக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாயும் காற்றும்தான். ரத்த அழுத்தமானியில் துணியும் ரப்பரும். சார்ஜர் மாறினால் முதலில் கெடுவது கருவியும் அதன் அளவீடும்தான். உடலில் பசையோடு மின்முனைகளை ஒட்டிவைக்கும் கருவிகளில்தான் கவலை. நாள் முழுவதும் மார்பில் ஒட்டியிருக்கும் ஹோல்டர் மானிட்டர், மூட்டு வலிக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் டென்ஸ் கருவி போன்றவை. பொறுப்பான தயாரிப்பாளர்கள் இவற்றில் ஒரு தடை வைக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது கருவி வேலை செய்யாது. 'சார்ஜில் போட்டால் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது' என்று குறை சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கொடுத்த காசுக்கு அந்தக் கருவியில் கிடைத்த மிக நல்ல அம்சம் அதுதான்.

வயர்களின் முனை எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று தோன்றும். 1986இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனை ஒன்றில் நான்கு வயதுச் சிறுமியின் மார்பில் ஒட்டியிருந்த இசிஜி வயர்களை, மானிட்டருக்குப் பதிலாக, அருகில் கிடந்த மருந்தேற்று பம்பின் மின்வயரில் தவறுதலாகச் செருகிவிட்டார்கள். குழந்தை இறந்தது. அந்தக் காலத்து வயர்களின் முனையில் உலோகக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மின்வயரின் துளைக்குள் அது கச்சிதமாகப் பொருந்தியது. 1993இல் சிகாகோவில் பிறந்து பன்னிரண்டு நாளே ஆன குழந்தைக்கும் அதே கதி. கசிவைப் பற்றிய மைக்ரோ ஆம்பியர் கணக்கெல்லாம் அங்கே எடுபடவில்லை, கருவியே அந்தச் சுற்றில் இல்லையே. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997 மே மாதம் ஒரு கட்டாய விதி கொண்டுவந்தது. நோயாளியின் உடலிலிருந்து வரும் வயரின் முனையில் உலோகம் வெளியே தெரியவே கூடாது, மின்சாக்கெட்டில் செருக முடியாத வடிவத்தில் இருக்க வேண்டும் என்றது அது. இன்று இசிஜி வயர்களின் முனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருப்பது அதனால்தான். செவிலியர்களுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்த பிறகே விதி வந்தது. சுற்றறிக்கையால் ஆகாததைப் பிளாஸ்டிக் கூடு செய்தது.

நிற்கக் கூடாத மின்சாரம்

இனி மறுபக்கம். பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ், மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே இறப்பதைக் கண்டு, டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். ஆண்டு 1965. இரண்டு கார் பேட்டரிகளோடு அதன் எடை 70 கிலோ. அடுத்த சில ஆண்டுகளில் அதை மூன்று கிலோ சொச்சமாகக் குறைத்தார். இங்கே பேக்கன் தவிர்த்த அதே சுற்றுவழி தவிர்க்க முடியாதது. துடிப்பு குலைந்த இதயத்தை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவர 12 வோல்ட் போதாது. பேட்டரி மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றி மின்தேக்கியில் 5,000 வோல்ட்டை ஒட்டிச் சேர்த்துவைக்க வேண்டும். 32 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் 360 ஜூல் சேர்த்தால் ஏறக்குறைய 4,700 வோல்ட் வரும். ஏற்றிய பிறகு தேவையில்லை என்றானால்? மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போனால்? குறிப்பிட்ட நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கருவி அந்த ஆற்றலைத் தனக்குள்ளேயே கொட்டித் தீர்த்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். மின்கட்டுப்பாடு என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு செயலில் இருக்கிறது. எப்போது ஏற்றுவது, எவ்வளவு, யாருடைய உத்தரவில், எப்போது இறக்குவது.

ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் இந்தப் பரம்பரையின் கடைக்குட்டி. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்து, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, தவறாமல் வேலை செய்ய வேண்டும். அதனால் அதில் சார்ஜ் செய்யும் பேட்டரி வைப்பதில்லை. நான்கைந்து ஆண்டுகள் சும்மா இருந்தாலும் சக்தி குறையாத லித்தியம் பேட்டரி. கருவி தினமும் தன்னைத்தானே எழுப்பிச் சோதித்துக்கொண்டு, பச்சை விளக்கைக் காட்டிவிட்டு மறுபடி தூங்கும். இவ்வளவும் இருந்தும் நடப்பது என்ன? 2005க்கும் 2014க்கும் இடையே இந்தக் கருவிகள் சரியாக இயங்காதது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஏறக்குறைய 72,000 புகார் அறிக்கைகள் வந்தன. 111 முறை திரும்பப் பெறுதல் நடந்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் அகப்பட்டன. 2015இல் விதியைக் கடுமையாக்கியபோது கருவியோடு அதன் பேட்டரியையும் மின்முனைப் பட்டைகளையும் சேர்த்தே முன் அனுமதிக்கு உட்படுத்தினார்கள். வேறொருவர் செய்த பேட்டரியைப் போட்டால் அது வேறு கருவி என்ற புரிதல் அதற்குள் வந்திருந்தது.

பேட்டரி தீரும் விதமும் நம் அனுபவ அறிவுக்கு எதிரானது. டார்ச் லைட்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும், நமக்குத் தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் கடைசி வரை அநேகமாக ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு முடிவில் சரேலென்று விழும். வோல்டேஜை மட்டும் பார்த்து மூன்று கட்டம், இரண்டு கட்டம் என்று படம் காட்டும் மலிவுக் கருவி, முக்கால்வாசி இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நின்றுவிடும். உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே போன மின்சாரத்தையும் வரவு செலவாகக் கணக்கு வைக்கும் சில்லு இருந்தால்தான் மீதி நேரம் சரியாகத் தெரியும். அதைவிடத் தந்திரமானது நின்றும் நிற்காத நிலை. வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே போனால் கருவியின் நுண்செயலி தவறாகக் கணக்கிடலாம், நினைவகத்தில் குப்பை எழுதலாம். அந்த நிலையில் குளுக்கோமீட்டர் ஒரு எண்ணைக் காட்டினால், பார்க்கிறவர் அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வார். அதனால் எல்லையைத் தொட்டதும் செயலியைக் கட்டாயமாக நிறுத்திவைக்கும் காவல் சுற்று ஒன்று வேண்டும். தவறாகப் பேசுவதைவிட வாயை மூடிக்கொள்வது நல்லது என்பது அளவுக் கருவிக்குப் பொருந்தும். மருந்தேற்று பம்புக்கும் ஓரளவு பொருந்தும், நின்று அலறினால் போதும். வென்டிலேட்டருக்குப் பொருந்தாது. அதனால்தான் உயிர் தாங்கும் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனால் உள்ளேயே மாற்று பேட்டரி இருந்தாக வேண்டும் என்று அந்த 60601-1-11 கேட்கிறது.

ஆக்சிஜன் செறிவூட்டி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கருவி. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டு எந்திரம் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். உள்ளே மாற்று பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அலறும், அவ்வளவுதான். அந்த அலறலுக்கும் அதற்குள் ஒரு சிறு பேட்டரி வேண்டும், அதைப் பல வீடுகளில் யாரும் மாற்றுவதில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். நம் வீடுகளில் சகஜமான 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் 1,800 வாட் அவர் ஆற்றல் இருக்கிறது. ஏட்டில் ஐந்து மணி நேரம். இன்வெர்ட்டரின் இழப்பு, பேட்டரியின் வயது, அதே லைனில் ஓடும் மின்விசிறிகள் எல்லாம் கழித்தால் மூன்று மணி நேரம் நின்றாலே நல்லது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் கம்ப்ரசர் மோட்டார் சூடேறி முனகும். சைன் வேவ்தான் வேண்டும். செறிவூட்டியை வாடகைக்குக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கை வீட்டாரிடம் சொன்னார்கள்?

இந்தியாவில் ஐஇசி 60601-1 தரநிலை ஐஎஸ் 13450 என்ற எண்ணில் ஏற்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. குறைந்த ஆபத்துள்ள ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், கூடுதல் ஆபத்துள்ள சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயம். ஏட்டளவில் குறையில்லை. ஓட்டை எங்கே என்றால், சட்டம் கருவியைப் பார்க்கிறது. சந்தை கருவியையும் சார்ஜரையும் பிரித்து விற்கிறது. தரநிலை இதில் தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட சார்ஜர் கருவியின் ஒரு பகுதி. அதை மாற்றினால் சோதித்துச் சான்றளித்த கருவி அங்கே இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து சார்ஜர் பழுதானால் அதே சார்ஜரைத் தேடி வாங்க வழியில்லாமல், பின் பொருந்துகிறதா என்று பார்த்து எலெக்ட்ரிக் கடையில் ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி விற்பனையில் இருக்கும் காலமும் அதன் பின் சில ஆண்டுகளும் அதற்கான சார்ஜரும் பேட்டரியும் மாடல் எண்ணோடு, அச்சிட்ட விலையில், மருந்துக் கடையிலேயே கிடைக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். அரசே ஆயிரக்கணக்கில் வாங்கி வீடு வீடாக அனுப்பும் கருவிகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது இதுதான். வீட்டிலுள்ள கருவியின் சார்ஜரை இன்று எடுத்துப் பாருங்கள். அதில் இரட்டைக் காப்பைக் குறிக்கும், சதுரத்துக்குள் சதுரம் இருக்கும் படமும், கருவியின் கையேட்டில் உள்ள அதே மாடல் எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, உரியது கிடைக்கும் வரை கருவியைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். உடலில் ஒட்டும் கருவி எதுவானாலும், ஒட்டியிருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள். செறிவூட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் ஒரு சிலிண்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.